சீன அரண்மனையை எப்படிப் பார்ப்பது? முதல் முறை போகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பெய்ஜிங் போய்வந்தவர்களிடம் அரண்மனை எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "பெரிய முற்றம், அதைத் தாண்டினால் ஒரு மண்டபம், அதன் பின்னால் இன்னொரு முற்றம், மறுபடியும் அதே மாதிரி ஒரு மண்டபம். நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டது." அவர்கள் மிகைப்படுத்தவில்லை. சிவப்புச் சுவர், மஞ்சள் ஓடு, வெள்ளைக்கல் மேடை என்று கண்ணுக்கு எட்டியவரை ஒரே தோற்றம்தான்.

கட்டியவர்கள் வேண்டுமென்றே செய்தது அது. எல்லாக் கட்டடங்களும் ஒரே முறையில் இருந்தால்தான் சின்ன வித்தியாசம்கூடப் பளிச்சென்று தெரியும். கூரை ஓரடுக்கா ஈரடுக்கா, ஓடு மஞ்சளா பச்சையா, கூரை முனையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மிருகங்கள் எத்தனை, படிக்கட்டு எத்தனை அடுக்கு என்பதை வைத்தே அங்கே குடியிருந்தவரின் தகுதியை அந்தக் காலத்து ஆள் ஒருவர் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். நாலைந்து விதிகள் தெரிந்தால் நாமும் சொல்லிவிடலாம். அப்புறம் அந்த அரண்மனை மட்டுமில்லை, சீனாவில் எந்தக் கோயில், எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் கண் தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

இந்த விதிகளைக் கற்றுக்கொள்ளப் பெய்ஜிங்கின் 'தடைசெய்யப்பட்ட நகர'த்தைவிட நல்ல இடம் கிடையாது. மிங் வம்சத்துப் பேரரசர் யோங்லெ 1406-இல் கட்டத் தொடங்கி 1420-இல் முடித்த அரண்மனை இது. மிங், சிங் என்ற இரண்டு வம்சங்களைச் சேர்ந்த 24 பேரரசர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். 1912-இல் முடியாட்சி முடிந்தது. கடைசிப் பேரரசர் பூயி அதற்குப் பிறகும் 1924 வரை பின்கட்டில் வாழ அனுமதிக்கப்பட்டார். அவரை வெளியேற்றிய மறு ஆண்டே, 1925 அக்டோபர் 10 அன்று, அரண்மனை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பரப்பு 72 ஹெக்டேர். தெற்கு வடக்காக 961 மீட்டர், கிழக்கு மேற்காக 753 மீட்டர். சுற்றிலும் 52 மீட்டர் அகல அகழி. வானுலகப் பேரரசருக்குப் பத்தாயிரம் அறைகள் என்பதால் மண்ணுலகப் பேரரசர் அரை அறை குறைத்து 9,999½ அறைகளோடு நிறுத்திக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. எண்ணிப் பார்த்ததில் ஒன்பதாயிரத்துக்கும் குறைவுதான்.

நடுக்கோடு

முதல் விதி, மற்ற எல்லாவற்றுக்கும் தாய் விதி, நடுக்கோடு. பெய்ஜிங்கின் வரைபடத்தை எடுத்துத் தெற்கே யோங்டிங்மென் வாயிலிலிருந்து வடக்கே முரசுக் கோபுரம், மணிக் கோபுரம் வரை ஒரு கோடு போடுங்கள். 7.8 கிலோமீட்டர் வரும். தியானன்மென், அரண்மனையின் தெற்கு வாசல், மூன்று பெரிய மண்டபங்கள், பேரரசரின் அரியணை, வடக்கு வாசல், அதற்குப் பின்னால் இருக்கும் ஜிங்ஷான் குன்று எல்லாம் அந்தக் கோட்டின் மேல்தான். 2024 ஜூலையில் புதுடில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு இந்தக் கோட்டையே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அரியணை தெற்கு பார்த்து இருக்கிறது. வெயிலும் வெளிச்சமும் தெற்கிலிருந்து வரும். வடக்கிலிருந்து வருவது குளிர்காற்று. அதனால் வீட்டுத் தலைவர் தெற்கு பார்த்து உட்காருவதும், ஊர்த்தலைவர், நாட்டுத்தலைவர் என்று அதுவே மேலே போவதும் சீனாவில் மிகப் பழைய வழக்கம். முதுகுக்கு மலை, முகத்துக்கு நேரே தண்ணீர் இருந்தால் நல்லது என்பது அவர்களுடைய மனையடி சாஸ்திரம். சமதரையான பெய்ஜிங்கில் மலைக்கு எங்கே போவது? அகழி வெட்டிய மண்ணை வடக்கே கொட்டி உயர்த்தியதுதான் ஜிங்ஷான். தண்ணீருக்குத் தெற்கு வாசலின் உட்பக்கம் வில்போல வளைந்த ஓர் ஓடையை வெட்டி அதன்மேல் ஐந்து பாலங்கள் போட்டார்கள்.

இப்போது நீங்கள் தெற்கு வாசலில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே நடக்கப் போகிறீர்கள். அதாவது பேரரசரின் முகத்துக்கு நேராகப் போய், அவரைக் கடந்து, அவர் முதுகுப் பக்கமாக வெளியே வரப்போகிறீர்கள். முன்பாதி ஊர் அறிய நடக்கும் அரசு காரியங்களுக்கு; பின்பாதி குடும்பத்துக்கு. நடுக்கோட்டில் இருப்பது எல்லாவற்றிலும் உயர்ந்தது; விலக விலகத் தகுதி குறையும். இரண்டு பக்கத்திலும் கட்டடங்கள் ஜோடி ஜோடியாக வரும். அந்த ஜோடியிலும் அரியணைக்கு இடப்பக்கமான கிழக்குக்கு மதிப்பு அதிகம். அரசவை கூடும்போது குடிமை அதிகாரிகள் கிழக்கே, படைத்தலைவர்கள் மேற்கே நிற்பார்கள். வாசலில் இருக்கும் சிங்க ஜோடியைப் பாருங்கள்: உருண்டையைக் காலடியில் வைத்திருக்கும் ஆண் சிங்கம் கிழக்கே, குட்டியை வைத்திருக்கும் பெண் சிங்கம் மேற்கே. சீனாவில் கடைவாசல், வங்கிவாசலில் நிற்கும் சிங்கங்களும் இதே வரிசைதான்.

தெற்கு வாசலான வூமென்னே ஒரு நல்ல பாடம். எதிரே நின்று பார்த்தால் மூன்று வழிகள் தெரியும். இரண்டு பக்கமும் முன்னே நீண்டிருக்கும் சிறகுகளின் மூலையில் மேலும் இரண்டு ஒளிந்திருக்கும்; பின்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் ஐந்தும் வரிசையாகத் தெரியும். நடுவழி பேரரசருக்கு மட்டும். பேரரசி அதன் வழியே வாழ்நாளில் ஒரே ஒரு முறை, திருமணத்தன்று உள்ளே வரலாம். இன்னும் மூன்று பேருக்கு அந்த வழி திறக்கும்: பேரரசர் முன்னிலையில் நடக்கும் தேர்வில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள், அன்று ஒரு நாள் நடுவழியாக வெளியே நடந்து போவார்கள். ஏதோ ஒரு கிராமத்தில் பிறந்து, இருபது முப்பது வருடம் படித்து, இளவரசர்களுக்குக்கூடக் கிடைக்காத வழியில் நடந்து போனவனுடைய மனநிலையை நினைத்துப் பாருங்கள். இந்த அரண்மனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எதுவென்று கேட்டால் அரியணையைச் சொல்லமாட்டேன், இந்த வாசலின் நடுவழியைத்தான் சொல்வேன்.

வெட்டவெளியும் கட்டடம்தான்

வாசலையும் ஓடையையும் அடுத்த வாயிலையும் தாண்டினால், மூன்று பெரிய மண்டபங்களில் முதலாவதான தைஹ மண்டபத்தின் முற்றம். சுமார் 30,000 சதுர மீட்டர் வெறும் தரை. ஒரு மரம் கிடையாது, நிழல் கிடையாது. பலர் இங்கே வேகமாக நடந்து மண்டபத்தை நெருங்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்யாமல் முற்றத்தின் தெற்கு முனையிலேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

எதிரே இருக்கும் தைஹ மண்டபம்தான் அரண்மனையிலேயே பெரிய மண்டபம். அப்படியிருந்தும் மேடையோடு சேர்த்து 35 மீட்டர்தான். இன்றைய பதினோரு, பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு அளவு. ஆனால் முற்றத்தின் தென்முனையிலிருந்து பார்க்கும்போது மலைபோலத் தெரிகிறது. அதற்குக் காரணம் முன்னால் இருக்கும் வெட்டவெளி. வானத்தை மறைக்கும் மரம் இல்லை. பக்கக் கட்டடங்கள் எல்லாம் தாழ்ந்து கிடக்கின்றன. மூன்று அடுக்கு வெள்ளைக்கல் மேடை மண்டபத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. சீனக் கட்டடக்கலைஞர்கள் உயரத்தால் மலைக்கவைக்க முயலவில்லை. நடக்கவைத்து, காத்திருக்கவைத்து, வாசல் மேல் வாசலாகத் தாண்டவைத்து அந்த மலைப்பை உண்டாக்கினார்கள். ஆகவே கட்டடத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும். முற்றத்தை நடந்து கடப்பதும் பார்ப்பதில் சேர்த்தி.

மேடையின் ஓரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிராகன் தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் மழைநீர்க் குழாய்கள். பெருமழை பெய்தால் அத்தனை வாயிலிருந்தும் தண்ணீர் கொட்டும். பெய்ஜிங்கில் மழை பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்தான். அன்று குடையோடு போகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

கூரையை எண்ணுங்கள்

மண்டபத்தின் உள்ளே போக முடியாது. வாசற்படியிலிருந்து எட்டித்தான் அரியணையைப் பார்க்க வேண்டும். அங்கே எப்போதும் நெரிசல். பத்துப் பதினைந்து நிமிடம் முட்டி மோதுவதை விட்டுவிட்டு, மேடையின் பக்கவாட்டில் வந்து கூரையின் மூலையை அண்ணாந்து பாருங்கள். கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

கூரை மடிப்பின் நுனியில், பறவையின் மேல் உட்கார்ந்த ஒரு மனிதர் இருப்பார். அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவருக்குப் பின்னால் வரிசையாக டிராகன், பீனிக்ஸ், சிங்கம், வான்குதிரை, கடல்குதிரை என்று மிருகங்கள். தைஹ மண்டபத்தில் மொத்தம் பத்து. அதற்குப் பின்னால் இருக்கும் நடு மண்டபத்தில் ஏழு, மூன்றாவதான பாவ்ஹ மண்டபத்தில் ஒன்பது, அரசிகள் வாழ்ந்த பக்கக் கட்டுகளில் ஐந்து. வழக்கமாக ஒற்றைப்படை எண்ணாகத்தான் வைப்பார்கள், ஒன்பதுதான் உச்சம். தைஹ மண்டபத்துக்கு மட்டும் பத்தாவதாக இறக்கை முளைத்த குரங்கு போன்ற ஒன்றைச் சேர்த்து, இதற்கு மேல் ஒரு கட்டடம் கிடையாது என்று காட்டிவிட்டார்கள்.

இவை வெறும் பொம்மையாகத் தொடங்கவில்லை. கூரையின் சரிவு மடிப்பில் ஓடுகள் வழுக்கிக் கீழே வந்துவிடாமல் இருக்கப் பெரிய ஆணிகளை அடிப்பார்கள். அந்த ஆணித் துளைக்குள் மழைநீர் போகாமல் மூட ஒரு மூடி வேண்டும். அந்த மூடிதான் காலப்போக்கில் மிருக உருவம் எடுத்து, பிறகு தகுதியைக் காட்டும் அடையாளமாகவும் ஆனது. சீனக் கட்டடங்களில் அலங்காரம் என்று நாம் நினைப்பதில் பாதிக்கு இப்படி ஒரு வேலை இருக்கும்.

கூரையின் வடிவத்துக்கும் தகுதி உண்டு. நான்கு பக்கமும் சரிந்து இறங்கும் கூரை, அதுவும் ஈரடுக்காக இருந்தால், எல்லாவற்றிலும் உயர்ந்தது. தைஹ மண்டபத்துக்கு அதுதான். மேலே முக்கோணமாக மூடி, கீழே நான்கு பக்கமும் சரியும் கூரை அதற்கு அடுத்த நிலை. பாவ்ஹ மண்டபத்துக்கு அது. இரண்டு பக்கம் மட்டும் சரியும் சாதாரணக் கூரை எல்லோருக்கும். நிறத்திலும் அப்படித்தான். மஞ்சள் ஓடு பேரரசருக்கு, பச்சை இளவரசர்களுக்கு, குடிமக்களுக்குச் சுட்ட மண்ணின் சாம்பல் நிறம். கிழக்குப் பக்கம் இருக்கும் நூலகத்துக்கு மட்டும் கறுப்பு ஓடு. ஐம்பூதக் கணக்கில் கறுப்பு தண்ணீரின் நிறம். புத்தகங்களைத் தீயிலிருந்து காப்பாற்றட்டும் என்ற வேண்டுதல் அது.

கதவுகளையும் மறக்காதீர்கள். பெரிய வாசல்களின் சிவப்புக் கதவில் ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது என்று 81 பொன்னிறக் குமிழ்கள் இருக்கும். கிழக்கு வாசலான தோங்ஹுவாமென்னில் மட்டும் 72. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த எண்ணும் வேலை ரொம்ப உதவும். கால்வலி மறந்து அவர்களே அடுத்த கூரையைத் தேடி ஓடுவார்கள்.

மரம், நெருப்பு, பழமை

இவ்வளவு பெரிய அரண்மனையின் எலும்புக்கூடு முழுக்க மரம். சுவர்கள் பாரம் தாங்குவதில்லை. தூண்களும் உத்தரங்களும்தான் தாங்குகின்றன. தூணின் தலையில், கூரையின் அடியில், வண்ணம் தீட்டிய மரத்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து அடுக்கடுக்காக வெளியே நீளுவதைப் பார்க்கலாம். தௌகோங் என்பார்கள். அகலமான கூரையின் பாரத்தைத் தூணுக்கு இறக்குவது அதன் வேலை. ஆணி அடித்து இறுக்காமல் பொருத்தியிருப்பதால், நிலநடுக்கம் வந்தால் கொஞ்சம் அசைந்து கொடுத்து மறுபடி நிற்கும். சுவர் விழுந்தாலும் வீடு விழாது என்று சீனர்கள் சொல்வது இதைத்தான். ஷான்ஷி மாகாணத்தின் யிங்ஷியன் ஊரில் 1056-இல் கட்டிய 67 மீட்டர் உயர மரக்கோபுரம் இன்னும் நிற்கிறது.

நிலநடுக்கத்தைத் தாங்கும் மரம் நெருப்பைத் தாங்காது. அரண்மனை கட்டி முடித்த மறு ஆண்டே, 1421-இல், இடி விழுந்து மூன்று பெரிய மண்டபங்களும் எரிந்து போயின. மறுபடி கட்டினார்கள், மறுபடி எரிந்தது. இன்று நாம் பார்க்கும் தைஹ மண்டபம் காங்ஷி பேரரசர் காலத்தில், 1695 முதல் 1697 வரை கட்டியது. முற்றங்களில் ஆங்காங்கே நிற்கும் பிரம்மாண்டமான அண்டாக்கள் இந்தப் பயத்தின் சாட்சிகள். தீயை அணைக்க எப்போதும் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். பெய்ஜிங் குளிரில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் குளிர்காலத்தில் அண்டாவைப் போர்வையால் சுற்றி, மூடி போட்டு, அடியில் கரி மூட்டி வைப்பார்கள். கிட்டே போய்க் குனிந்தால், கல்பீடத்தின் நடுவில் நெருப்பு வைத்த இடைவெளி தெரியும். தைஹ மண்டபத்தின் பக்கம் இருக்கும் பொன்முலாம் பூசிய அண்டாக்களின் உடம்பெல்லாம் கோடு கோடாகக் கீறல்கள். 1900-இல் பெய்ஜிங்கைக் கைப்பற்றிய எட்டு நாட்டுப் படையினர் பொன்னைச் சுரண்டிய தடம் என்று சொல்வார்கள். அந்தப் படையில் பிரிட்டிஷார் கூட்டிப்போன இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதை நம்மவர்கள் அந்த அண்டாவின் முன்னால் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வது நல்லது.

இங்கே புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: அடிக்கடி எரிந்து, அடிக்கடி கட்டினால் இது எப்படிப் பழைய கட்டடம்? சீனாவில் ஓர் இடத்தின் பழமை அதன் இருப்பிடத்திலும் திட்டத்திலும் பெயரிலும் தொடர்ந்து வருகிறது. மரம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் எல்லா மறுகட்டுமானத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. தைஹ மண்டபம் அதே இடத்தில் அதே முறையில் மரத்தால் கட்டியது. வூஹான் நகரத்தின் புகழ்பெற்ற மஞ்சள் கொக்குக் கோபுரமோ பழைய இடத்திலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி, 1985-இல் கான்கிரீட்டால் கட்டி முடித்தது. உள்ளே மின்தூக்கி உண்டு. ஆற்றைப் பார்க்கும் காட்சிக்காகப் போகலாம். ஆயிரம் வருடத்துக் கட்டடம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். எந்த இடத்துக்குப் போனாலும் அறிவிப்புப் பலகையில் இரண்டு வருடங்களைத் தேடுங்கள்: முதலில் நிறுவிய வருடம், இப்போது நிற்பதைக் கட்டிய வருடம்.

உண்மையிலேயே பழைய மரக்கட்டடம் பார்க்க வேண்டுமென்றால் ஷான்ஷி மாகாணத்துக்குப் போக வேண்டும். தாங் வம்சக் காலத்து (கி.பி. 618–907) மரக்கட்டடம் பார்க்க ஜப்பானின் நாரா நகரத்துக்குத்தான் போக வேண்டும், சீனாவில் ஒன்றும் மிச்சமில்லை என்று அறிஞர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1937-இல் கட்டடக்கலை ஆய்வாளர்களான லியாங் ஸுசெங், லின் ஹுய்யின் தம்பதி வூதாய் மலைக்குக் கோவேறு கழுதையில் போய் ஃபோகுவாங் கோயிலைக் கண்டார்கள். உத்தரத்தின் அடியில் மங்கிப்போன மை எழுத்து ஒன்று லின்னின் கண்ணில் பட்டது. தூசியைக் கழுவிப் படித்தால், கோயிலுக்குக் கொடை கொடுத்த ஒரு பெண்ணின் பெயர். அதே பெயர் வாசலில் நின்ற கல்தூணிலும் வருடத்தோடு வெட்டியிருந்தது: கி.பி. 857. ஒரு பெண் கொடுத்த கொடையை இன்னொரு பெண் கண்டுபிடித்து, தன் நாட்டின் கட்டடக்கலை வரலாற்றையே திருத்தி எழுதவைத்தார். அடுத்த சில நாட்களில் ஜப்பானோடு போர் மூண்டுவிட்டது.

பின்கட்டுக்குப் போகும் வழியில்

பாவ்ஹ மண்டபத்தின் பின்பக்கப் படிக்கட்டின் நடுவில், மேகங்களுக்கு இடையே டிராகன்கள் நெளியும் ஒரே கல் சரிவாகப் படுத்திருக்கும். நீளம் 16 மீட்டருக்கு மேல், எடை 200 டன்னுக்கு மேல். சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி ஃபாங்ஷான் மலையில் வெட்டியது. குளிர்காலத்தில் வழியெல்லாம் கிணறு தோண்டி, தண்ணீரைச் சாலையில் கொட்டி, அது பனிக்கட்டியாக உறைந்ததும் அதன்மேல் வழுக்கவிட்டு இழுத்து வந்தார்கள். பேரரசர் இதன்மேல் நடக்கமாட்டார். பல்லக்குத் தூக்கிகள் இரண்டு பக்கப் படியிலும் ஏற, அவர் கல்லுக்கு மேலே மிதந்து போவார்.

அதைத் தாண்டினால் குடும்பப் பகுதி. மண்டபங்கள் சிறுத்து, முற்றங்கள் குறுகி, கடைசியில் மரங்களும் வந்துவிடும். சியான்சிங் அரண்மனையின் அரியணைக்கு மேலே நான்கு பெரிய எழுத்துகள் கொண்ட ஒரு பலகை தொங்கும். யார் அடுத்த பேரரசர் என்று இளவரசர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து நொந்த யோங்செங் பேரரசர், வாரிசின் பெயரை எழுதி ஒரு பெட்டியில் பூட்டி இந்தப் பலகைக்குப் பின்னால் வைத்தார். அவர் இறந்த பிறகுதான் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இருந்த பெயர் ஹோங்லி; அவர்தான் சியான்லோங் பேரரசர் ஆனார். பின்னால் வந்த சில பேரரசர்களும் இதே வழியைப் பின்பற்றினார்கள்.

வாசற்படிகளையும் கவனியுங்கள். சீனக் கட்டடங்களில் வாசற்படி முழங்கால் உயரம்கூட இருக்கும். மிதிக்காமல் தாண்ட வேண்டும். கோயில்களில் இது இன்னும் கண்டிப்பு. இங்கே பின்கட்டில் சில இடங்களில் வாசற்படி இருக்காது. சிறுவயது பூயிக்கு மிதிவண்டி கிடைத்ததும், தடையில்லாமல் ஓட்டுவதற்காக அறுத்தெறியச் சொன்னவை அவை.

நேர்வழியில் வடக்கு வாசல் வரை போய் முடித்துக்கொள்கிறவர்கள் இழப்பது வடகிழக்கு மூலையை. பொக்கிஷக் காட்சியகம் என்று தனியாக 10 யுவான் சீட்டு வாங்க வேண்டும். தயங்காமல் வாங்குங்கள். தாத்தா காங்ஷி 61 ஆண்டுகள் ஆண்டார், அவரைத் தாண்டக் கூடாது என்று 60 ஆண்டுகளோடு முடிதுறந்த சியான்லோங், தன் ஓய்வுக் காலத்துக்காக எழுப்பிய மாளிகை இது. கட்டினாரே தவிர அங்கே குடியேறவில்லை. அதன் வாசலில் 1772-இல் வைத்த ஒன்பது டிராகன் சுவர் இருக்கிறது. கிழக்கிலிருந்து மூன்றாவதாக இருக்கும் வெள்ளை டிராகனின் வயிற்றுப் பகுதியை உற்றுப் பாருங்கள். மற்ற ஓடுகளின் பளபளப்பு அங்கே இருக்காது. ஓடு உடைந்துபோக, தண்டனைக்குப் பயந்து தொழிலாளி ஒருவர் மரத்தில் செதுக்கிப் பொருத்திய துண்டு என்பது கதை. கதை எப்படியோ, மரத்துண்டு உண்மை.

இதே விதிகள், வேறு இடங்களில்

பெய்ஜிங்கிலேயே வானக் கோயிலுக்கு மறுநாள் போங்கள். அரண்மனை 72 ஹெக்டேர் என்றால் இது சுமார் 273 ஹெக்டேர். பேரரசர் வானத்தின் மகன்; தகப்பன் வீட்டைவிட மகன் வீடு பெரிதாக இருக்கக் கூடாது. வானம் வட்டம், பூமி சதுரம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் இங்கே மண்டபம் வட்டமாகவும் ஓடு நீலமாகவும் மாறுகிறது. நல்ல விளைச்சலுக்காக வேண்டும் மண்டபத்தின் உள்ளே 28 தூண்கள்: நடுவே நான்கு பருவங்களுக்கு நான்கு, சுற்றிலும் மாதங்களுக்குப் பன்னிரண்டு, அதற்கு வெளியே ஒரு நாளின் பன்னிரண்டு பொழுதுகளுக்குப் பன்னிரண்டு. 1889-இல் இடி விழுந்து எரிந்ததை மறுபடி கட்டியது இது. தெற்கே இருக்கும் வட்ட மேடையில் நடுக்கல்லைச் சுற்றி 9 கற்கள், அடுத்த வட்டத்தில் 18, அதற்கடுத்து 27 என்று 81 வரை போகும்.

கன்ஃபூசியஸ் பிறந்த சூஃபு ஊரில் அவர் கோயிலுக்கு மஞ்சள் ஓடு அனுமதிக்கப்பட்டது. அரசர் அல்லாத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று இப்போது உங்களுக்குப் புரியும். முகப்பில் டிராகன்கள் புடைத்து நிற்கும் பத்துக் கல்தூண்கள் அரண்மனைத் தூண்களையும் மிஞ்சும். பேரரசர் வரும்போது அவர் முகம் சுருங்கிவிடக் கூடாது என்று அந்தத் தூண்களைப் பட்டுத்துணியால் சுற்றி மூடுவார்களாம்.

பௌத்தக் கோயில்களும் இதே நடுக்கோட்டில்தான். முதலில் வாயில்; அடுத்து நான்கு திசைக்காவலர் மண்டபம், நடுவே தொப்பையோடு சிரிக்கும் மைத்ரேயர்; அப்புறம் புத்தரின் பெரிய மண்டபம். மைத்ரேயருக்கு முதுகோடு முதுகாக, புத்தரைப் பார்த்தபடி, கவசம் அணிந்த இளம் வீரர் ஒருவர் நிற்பார். பெயர் வெய்துவோ. ஸ்கந்தனே சீனாவில் இப்படி ஆனார் என்பது அறிஞர்கள் கருத்து. முருகனைத் தெரிந்தவர்கள் அந்த மண்டபத்தைக் கடக்கும்போது திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள்.

தமிழர்கள் தவறவிடக் கூடாத ஊர் தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கும் சுவான்ஜோ. சோழநாட்டு வணிகர்களும் அரபு வணிகர்களும் வந்துபோன பெரிய துறைமுகம். அங்கே தமிழர்கள் ஒரு சிவன் கோயில் எழுப்பியதை 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. கோயில் அழிந்துவிட்டது. அதன் தூண்களில் இரண்டு, ஊரின் காய்யுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் நிற்கின்றன. எல்லோரும் முன்பக்கம் ஊதுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் சுற்றிப் பின்னால் போங்கள். நரசிம்மரும் கண்ணனும் செதுக்கிய பட்டைத் தூண்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

சூஜோ நகரத்துத் தோட்டங்களில் மட்டும் இந்த விதி எதுவும் செல்லாது. அங்கே நேர்க்கோடு கிடையாது, பாலமும் பாதையும் வளைந்து வளைந்து போகும். பதவியை விட்டு விலகியவர்கள் உண்டாக்கிய உலகம் அது. அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

கிளம்பும் முன்

அரண்மனை வாசலில் சீட்டு வாங்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். ஏழு நாட்களுக்கு முன்பிருந்தே இணையத்தில் பாஸ்போர்ட் எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். விடுமுறைக் காலத்தில் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், மற்ற மாதங்களில் 40. பாஸ்போர்ட்டின் நகல் போதாது, அசல் கையில் இருக்க வேண்டும். அரசு விடுமுறை தவிர மற்ற திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். தெற்கு வாசலில்தான் நுழைய முடியும். வெளியேற வடக்கும் கிழக்கும். தியானன்மென் சதுக்கத்துக்குத் தனிப் பதிவு தேவை. சதுக்கம் வேண்டாம் என்றால் கிழக்கு வாசல் பக்கமிருந்து அகழி ஓரமாக நடந்து வூமென்னை அடையலாம்.

வடக்கு வாசலில் வெளியே வந்தால் எதிரே ஜிங்ஷான். கால் வலித்தாலும் ஏறிவிடுங்கள், நுழைவுச்சீட்டு 2 யுவான்தான். நடுக்கோடு முழுதும் அங்கிருந்து ஒரே பார்வையில் தெரியும். மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் சீனாவே ஊர்சுற்றக் கிளம்பும் நாட்கள். அந்த இரண்டு வாரமும் வேண்டவே வேண்டாம். ஏப்ரல் நடுப்பகுதியும் செப்டம்பரும் நல்லது. கடைகளில் பெரும்பாலும் அலிபே, வீசாட் என்ற கைபேசிச் செயலிகள் வழியாகத்தான் பணம் வாங்குவார்கள். நம் ஊர் விசா, மாஸ்டர் அட்டைகளை அவற்றோடு இணைக்க முடியும். அதை ஊரில் இருக்கும்போதே, வங்கியின் ஓடிபி வரும் எண் கையில் இருக்கும்போதே செய்து முடித்துவிடுங்கள்.